முனிரத்தினத்தை மேற்கோள் காட்டுகிறார்கள்

என் நைனாவுக்கு,

எங்கே இருந்தாலும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார். இன்றைக்கு நான் திட்டமாட்டேன். உனக்குச் சொல்ல இரண்டு சேதி இருக்கிறது, இரண்டும் நான் நான் என்று முந்திக்கொண்டு வருகின்றன. காலையிலிருந்து ஆய்வகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் அங்கேயும் உன் சிரிப்புதான் தெரிகிறது.

முதல் சேதி. நம் பிளாஸ்க் கட்டுரை நினைவிருக்கிறதா? திருப்பதியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் எழுதிய முதல் கட்டுரை. அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை இந்த வாரம் நாலு இலக்கத்தைத் தொட்டுவிட்டது! பெரிய பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு நான் பிறகு எழுதியதெல்லாம் அதன் கால்தூசிக்கு வரவில்லை.

மேற்கோள் என்றால் என்ன என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். நான் எதையோ நீட்டி முழக்கிச் சொல்வேன். கடைசியில் நீயே ஒரு நாள் போனில் சொன்னாய். "அட, ஒருத்தன் சொன்னத இன்னொருத்தன் வந்து, ஆமாம்பா, அவன் சொன்னது நெசந்தான்னு சாட்சி சொல்றது. அதானே?" அதேதான் நைனா. இந்த வேலையில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது சேதி, நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அது இந்த வாரம் பொய்யாக இல்லாமல் போயிற்று. அதைச் சொல்ல முதலிலிருந்து வர வேண்டும். இந்தக் கடிதத்தை உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கும் நீ யாரென்று தெரிய வேண்டாமா?

நீ தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரப் பாலசமுத்திரத்தில் மாட்டாஸ்பத்திரி அட்டெண்டர். நமக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் சுற்றுப்பட்டு ஊரில் யார் வீட்டு மாடு எப்போது பருவத்துக்கு வரும் என்பது உனக்கு மனப்பாடம். காளை விந்தை ஒரு பிளாஸ்க்கில் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாய். டாக்டர் சினை ஊசி போடுவார். டாக்டர் வராத நாளில் யார் போடுவார் என்பதை இங்கே எழுதமாட்டேன். ஊரே உன்னை 'ஊசி முனிரத்தினம்' என்றது. பள்ளிக்கூடத்தில் நான் 'ஊசி பொண்ணு'.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதல் குளறுபடி. என்னைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் தெலுங்கில் கேட்டார், "இன்ட்டி பேரு ஏன்ட்டி?" வீட்டுப் பெயர், அதாவது குடும்பப் பெயர். தெலுங்குக்காரர்களுக்கு அது இல்லாமல் ஆளே இல்லை. நம் தமிழ் வீடுகளில் அது ஏது? "மாக்கு லேது சார்" என்றாய். எங்களுக்கு இல்லை சார். இல்லாமல் எப்படி இருக்கும் என்று அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஊர்ப் பெயரையே எடுத்து எனக்கு முன்னால் போட்டார். பாலசமுத்திரம் கஸ்தூரி. அன்றிலிருந்து நான் பி. கஸ்தூரி. அதே பெயரில்தான் திருப்பதியில் கட்டுரையும் வந்தது.

திருப்பதியில் அப்போது திரும்பிய பக்கமெல்லாம் எஸ்.டி.டி. பூத், கம்ப்யூட்டர் சென்டர். அவற்றுக்கு நடுவே குழந்தைப்பேறு மருத்துவமனை என்று புதிய புதிய போர்டுகள். போர்டு வந்ததே தவிர ஆண்கள் வரவில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் பெண்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பார்கள். மலடி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன முகங்கள். புருஷனையும் சோதிக்க வேண்டும் என்றால் எழுந்து போய்விடுவார்கள். அவனிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம்?

துணிந்து வந்த ஒன்றிரண்டு பேரும் ஆஸ்பத்திரி அறைக்குள் போய்விட்டு வெறும் கையோடு திரும்புவார்கள். வீட்டில் எடுத்து வரலாம் என்றால் சோதனைக்கான விந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். பாலசமுத்திரத்திலிருந்து புத்தூர் வழியாகப் பஸ் ஊர்ந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். என் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாய்.

"ஆம்பளைங்க குடுக்க மாட்றாங்க நைனா. வூட்லேர்ந்து குடுத்தாலும் வழியிலயே செத்துப்பூடுது."

"இன்னா செத்துப்பூடுது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெற்ற அப்பனிடம் அதை எப்படிச் சொல்வது? நீயே சொன்னாய். "உயிரணுவா? அத்த நான் பதினஞ்சு வருசமா பிளாஸ்க்குல தூக்கிக்கினு அலையறேன். மனுசனுது மட்டும் இன்னா, தங்கத்துல செஞ்சதா?"

"அய்ய, பொண்ணுகிட்ட பேசற பேச்சா இது?" என்று அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். நீ அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு டம்ளரை எடுத்தாய், பிளாஸ்க்கை எடுத்தாய், மாட்டு டாக்டர் உனக்குச் சொல்லித்தந்ததை எனக்குச் சொன்னாய். "எடுத்த எடுப்புல ஐஸுல வெச்சா செத்துப்பூடும். சூடு பட்டாலும் செத்துப்பூடும். புட்டிய வெதுவெதுன்னு தண்ணியில எறக்கு. அந்தத் தண்ணிய அப்டியே பெரிய வாய் பிளாஸ்க்குல எறக்கு. குலுங்காம மடியில வெச்சிக்கினு போ. அவ்ளோதான்."

அவ்வளவுதான். நாலு இலக்கம் சாட்சி சொன்னது அந்த 'அவ்ளோதா'னுக்குத்தான் நைனா. நாங்கள் அதை அளந்து பார்த்தோம், எத்தனை சூட்டில் எத்தனை நேரம் தாங்கும் என்று அட்டவணை போட்டோம். ஆனால் விஷயம் உன்னுடையது.

ஆண்களையும் நீதான் பிடித்துக் கொடுத்தாய். விஜயபுரத்தில் ஒருவர், கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், பேச்சை எடுத்ததும் மீசையை முறுக்கினார். நான் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணே, உம்மாட்டுக்கு மூணு தபா ஊசி போட்டும் செனை நிக்கலயே, ஞாபகம் கீதா? நான் மாட்ட மட்டுமா கொற சொன்னேன்? காளைய மாத்திப் பாத்தேனா இல்லியா?" மீசையிலிருந்து அவர் கை இறங்கியது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நீ பார்த்தாயோ என்னவோ, நான் பார்த்தேன். அந்த முகத்துக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வருவாய். புத்தூரில் ஒரு கண்டக்டர், "ஏமுந்தி அந்துலோ, காபியா?" என்று டம்ளரை நீட்டினாராம். உள்ளே என்ன இருக்கிறது, காபியா என்று. "காபி காது சார், கவர்மெண்டு வேலை" என்றாயாம், காபி இல்லை என்று. அதைச் சொல்லிச் சொல்லி ஆய்வக வாசலில் நின்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. யாராவது பார்க்கப்போகிறார்களே என்று உன்னைச் சீக்கிரம் அனுப்பிவைத்தேன்.

இனிமேல்தான் பொய் வருகிறது.

கட்டுரை முடிந்ததும் என் வழிகாட்டி மேடம், "நன்றி சொல்ல வேண்டியவங்க பேரெல்லாம் குடும்மா" என்றார். நான் எழுதினேன். கணக்குப் பார்த்துக் கொடுத்தவர், கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கொடுத்த அம்மாள், ஜீப் டிரைவர். எல்லார் பேரும் எழுதினேன். உன் பேரை எழுதவில்லை. உடன் படிக்கிறவர்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது ஹெல்த் டிபார்ட்மென்ட் என்று சொல்லி வைத்திருந்தேன். மாட்டாஸ்பத்திரி அட்டெண்டர் சொன்ன வழியில் மனிதனுக்கு ஆராய்ச்சி செய்தாளாம் என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். வெட்கப்பட்டேன் நைனா. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அச்சான பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாய்.

"எம்பேரு கீதா?"

"கீது." இருக்கிறது என்று கூசாமல் சொன்னேன்.

"எங்க?"

உனக்குத் தெலுங்கில் கையெழுத்துப் போட வரும், இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. நான் விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தேன். அது நுண்ணோக்கி செய்த கம்பெனியின் பெயர். "இவ்ளோ சின்னதாவா போட்டாங்க?" என்றாய். முகமெல்லாம் பல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் அன்றைக்கு மறைத்ததோடு அல்லாமல் பரிமாறவும் செய்தேன்.

மறுநாள் அதைக் காக்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாய். அங்கே டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியுமே என்று நான் அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ எப்போதும்போல வந்தாய், சோறு தின்றாய், பீடி பிடித்தாய். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வெளிநாடு. ஊரில் பாதிப்பேர் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம், நான் மான்செஸ்டருக்குக் கட்டினேன். சித்தூரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர், "சர்நேம்ல ஊர் பேரெல்லாம் போட்டா மாட்டிக்குவம்மா, அப்பா பேர போடு" என்று அவரே எழுதிவிட்டார். விமானத்தில் ஏறும்போது பி. கஸ்தூரி இந்தியாவிலேயே நின்றுவிட்டாள். இங்கே வந்து இறங்கியது டாக்டர் முனிரத்தினம்!

ஆய்வகக் கதவில் உன் பேர். பல் டாக்டர் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும். எழுதிய கட்டுரை அத்தனையும் 'முனிரத்தினம் மற்றும் குழுவினர்'. போனில் சொன்னபோது எப்படிச் சிரித்தாய்! "அங்க வேல செய்யறது நீயா, நானா? அப்போ சம்பளத்த இங்க அனுப்பு."

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இந்த வருஷம் என்னைப் பேராசிரியராக்குவது பற்றிக் குழு கூடுகிறது. இதுவரை எழுதியது, அதை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள், எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். நூலகத்தில் இதைப் பார்க்கிற ஹெலன் என்ற அம்மாள் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்க் கட்டுரை உங்களுடையது இல்லையே, அது பி. கஸ்தூரி என்பவருடையது" என்றார்.

"அந்தக் கஸ்தூரி நான்தான்."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்படியா? நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இந்த முனிரத்தினம் எந்தக் கட்டுரை எழுதினாலும் கஸ்தூரியை எடுத்துக்காட்டாமல் விட்டதே இல்லை. உலகத்திலேயே கஸ்தூரிக்கு இவரைப் போல ஓர் அபிமானி கிடையாது."

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிரித்தேனா, அழுதேனா? இத்தனை வருஷமாக ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் முனிரத்தினம் என்கிற ஆள் நின்றுகொண்டு, எங்க கஸ்தூரி சொன்னது நெசந்தான் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ எனக்கு ஒரு கட்டுரையையும் தவறவிடவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஹெலன் பழைய சான்றிதழ் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டு, உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நீ கண்ணை மூடிய பிறகு அம்மா வாட்ஸ்அப்பில் புலி ஆகிவிட்டாள், தெரியுமா? எது அனுப்பினாலும் அவள் கட்டைவிரலும் கூடவே வரும். பள்ளிச் சான்றிதழ் வந்தது, கட்டைவிரலோடு. அதற்கு அடியில் நான் கேட்காத இன்னொரு படமும் வந்தது. நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பிளாஸ்க் கட்டுரை.

கடைசிப் பக்கம், நன்றி சொல்லும் பத்தி. ஜீப் டிரைவர் பேருக்கு அப்புறம் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. அங்கே நீலப் பேனாவில், தெலுங்கில், கீழே ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்து, நீ ரிஜிஸ்டரில் போடும் அதே கையெழுத்து. முனிரத்தினம்.

நான் விரல் வைத்துக் காட்டிய இடம் வேறு பக்கம் நைனா. உன் பேர் வந்திருக்க வேண்டிய இடம் இதுதான் என்று உனக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் படித்துக் காட்டினாரா? முதல் நாளேவா, இல்லை பல வருஷம் கழித்தா? தெரிந்த பிறகும் போனில் என்னிடம் எப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசினாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கின்னாடி தெரியும்? அந்தக் காயிதத்த எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருப்பாரு. ஒரு நாளு கையெழுத்து போட்டுக்கினு இருந்தாரு. இன்னாய்யா அது, சம்பள ரிஜிஸ்டரான்னு கேட்டேன். இல்லடி, ஆஜர் போட்டேன்னாரு."

ஆஜர். வேலைக்கு வந்தவன் வந்தேன் என்று போடுவது.

அன்றைக்கே பிளாஸ்க் கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதினேன். முறையைச் சொல்லிக்கொடுத்தவர் இவர், மாதிரிகளைச் சேகரித்துக் கொண்டுவந்தவர் இவர், வெட்கத்தால் நான்தான் பெயரை விட்டேன், திருத்தம் போடுங்கள் என்று எழுதினேன். உன் கையெழுத்துப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். கூட வேலை செய்யும் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். அதிகம் பேர் எடுத்துக்காட்டிய கட்டுரையில் பிழை என்று நானே சொன்னால் குழு என்ன நினைக்கும், பதவி வந்த பிறகு அனுப்பக்கூடாதா, சும்மா கிடந்த சங்கை எதற்கு ஊத வேண்டும்? அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் ஏற்கெனவே ஒரு தடவை மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தவள். அது போதும்.

பத்திரிகைக்காரர்கள் இரண்டு மாதம் இழுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து நன்றியுரைக்குத் திருத்தமா என்று கேட்டார்கள். மேடம் திருப்பதியிலிருந்து எனக்காகக் கடிதம் எழுதினார், "அவர் பேர் விட்டுப்போனது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்" என்று. இந்த வாரம் வந்துவிட்டது நைனா! வந்தேவிட்டது! பிளாஸ்க் முறையை வகுத்து, மாதிரிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் திரு. முனிரத்தினம், உதவியாளர், கால்நடை மருத்துவமனை, பாலசமுத்திரம். கால்நடை என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஹெலன் இரண்டு பேரையும் ஒன்றாக இணைத்துவிட்டார். அதனால் முனிரத்தினம் கஸ்தூரிக்குச் சொன்ன சாட்சியெல்லாம் எனக்கு நானே சொன்ன சாட்சி என்று ஆகி, எண்ணிக்கையிலிருந்து கழிந்துவிட்டது. நாலு இலக்கம் திரும்ப மூன்றாகிவிட்டது. வெளியார் சாட்சியே இன்னும் கொஞ்ச நாளில் அதை நிரப்பிவிடும் என்கிறார் ஹெலன். குழு அடுத்த வாரம் கூடுகிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் மறுபடியும் கேட்பேன். உன் பெண் ஆயிற்றே.

இன்னொன்று. விஜயபுரம் பக்கத்திலிருந்து இப்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பைக்கில் திருப்பதி ஆய்வகத்துக்கு வருகிறார்களாம். இரண்டு பேருக்கும் பாருங்கள் என்று அவனே சொல்கிறானாம். மேடம் சொன்னார். நீ மீசைக்காரரிடம் பேசிய அந்தத் தெருவிலிருந்தும் வருகிறார்கள்.

அடுத்த மாதம் ரேணிகுண்டாவில் விமானம் இறங்கியதும் முதலில் வீட்டுக்கு வரமாட்டேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போவேன். உன் ரிஜிஸ்டர் இருந்த மேஜையில் திருத்தம் அச்சான தாளைப் பிரித்து வைப்பேன். இப்போது இருக்கும் அட்டெண்டரையும் டாக்டரையும் கூப்பிடுவேன். எம்பேரு கீதா, எங்க என்று நீ கேட்டாயே, அதற்கு அவர்கள் முன்னால் விரலை வைத்துக் காட்டுவேன். இந்தத் தடவை சரியான இடத்தில் வைப்பேன் நைனா. இது சத்தியம்.

உன் பேரில் வேலைக்கு வந்துகொண்டிருக்கும்
உன் ஊசி பொண்ணு,
முனிரத்தினம் கஸ்தூரி